கறுப்புச் சட்டையில் ஒன்பது வினாடி

முதல் பொத்தான் தெறித்துத் தையல் இயந்திரத்தின் அடியில் போய் விழுந்தது. இரண்டாவது ஐடாவின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. மூன்றாவதற்கு வெர்ன் ஹாஸ்கெட் காத்திருக்கவில்லை. சட்டையைத் தலைக்கு மேலாக உரித்து, சுருட்டி, இஸ்திரி மேசைமேல் வீசினான்.

"அடப்பாவி, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுத் தச்சது," என்றாள் ஐடா. படக் கம்பெனியின் தையல்காரி அவள். வாயில் கடித்திருந்த குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து பேச்சு வந்தது.

"யாரோட சட்டைன்னு தெரிஞ்சுதானே தச்சே?"

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் குத்தினாள்.

கறுப்புச் சட்டை. மார்பில் மட்டும் கவசம் மாதிரி ஒரு வெள்ளைத் துணி, அதன் இரு ஓரத்திலும் பொத்தான் வரிசை. நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். அதற்காகத்தான் அப்படித் தைத்தது.

சத்தம் கேட்டு டைரக்டர் ஹோமர் டகெட் உள்ளே வந்தார். பல் குத்திக்கொண்டே வந்தார்.

"என்ன தம்பி, அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் சரிதான். போட்டுக்க மாட்டேன்."

"கதாநாயகன் வேஷம்டா இது."

"வேஷத்தைப் போடறேன். சட்டையைப் போட மாட்டேன்."

டகெட் சிரித்தார். "சட்டைக்காகத்தான்டா வேஷமே. உன் மூஞ்சிக்குன்னா நினைச்சே?"

அது உண்மை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பேசாத படக் காலத்தில், டகெட் ஒரு காட்சி எடுத்தார். கறுப்பும் வெள்ளையுமான சட்டை போட்ட ஒருவன் புள்ளிக் குதிரையோடு நாற்பதடிப் பாறையிலிருந்து ஆற்றில் குதிக்கிறான். ஒன்பது வினாடி. முகம் தெரியாது. அந்தப் பிலிம் துண்டு கம்பெனியின் தகர டப்பாவில் பத்திரமாக இருந்தது. புதிதாகக் குதிக்க வைப்பதென்றால் குதிரை வேண்டும், ஆள் வேண்டும், ஆறு வேண்டும். பழையதை ஒட்டுவதற்கு ஒரு சட்டை போதும். கதாநாயகனுக்கு அதே சட்டையை மாட்டி, அதே மாதிரிப் புள்ளிக் குதிரையில் ஏற்றி, ஒரு பாறை விளிம்புவரை விரட்டிவிட்டு, அங்கே வெட்டிப் பழைய துண்டை ஒட்டினால், அடுத்து குதிப்பது அவன்தான். இந்த வகையில் இதுவரை மூன்று கதாநாயகர்கள் அந்த ஆற்றில் குதித்திருந்தார்கள். மூன்று பேருக்குமே நீச்சல் தெரியாது.

மூன்றாமவன் போன மாதம் ரேடியோவில் பாடப் போய்விட்டான். இப்போதெல்லாம் கௌபாய் என்றால் கிதார். பாறையிலிருந்து குதித்தவனின் தோள் அகலத்தில், புள்ளிக் குதிரையில் வித்தை தெரிந்து உட்காரக்கூடியவன் என்று தேடிப்பார்த்ததில் வெர்ன் அகப்பட்டான். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அறுபத்து மூன்று படங்களில் நடித்திருந்தான். ஐம்பத்தெட்டில் செத்திருந்தான். ஒன்றில்கூடத் திரையில் அவன் பெயர் வந்ததில்லை.

நாயை உதைக்கிறவன் என்று அவனுடைய வேஷத்துக்குத் தொழிலில் பெயர். தலைமை வில்லன் மேசைக்குப் பின்னால் சுருட்டுப் பிடித்தபடி யோசிப்பான். வெளியே போய்க் காரியம் செய்கிறவன் கெட்டவன் என்று ஒரு நிமிஷத்தில் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் படத்தில் நுழைந்தவுடன் ஒரு நாயை உதைப்பான். வெர்னுக்கு அதில் ஒரு கெட்ட பழக்கம். மனசு கேட்காமல், உதைக்கப்போகிற நாய்க்குக் காலையிலேயே பன்றி வறுவல் ஊட்டி சிநேகம் பிடித்துக்கொள்வான். காமிரா ஓடும்போது நாய் உதை வாங்கிக்கொண்டு வாலை ஆட்டும். "யாராவது அந்த வாலைக் கட்டுங்கய்யா!" என்று கத்தாத டைரக்டர் படக் கம்பெனிகள் நிறைந்த அந்தக் கோவர் தெருவில் கிடையாது.

இப்போது சட்டையில்லாமல் நின்றவனை டகெட் ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன். திங்கக்கிழமை விடிகாலையில படப்பிடிப்பு. வரலைன்னா தெருமுனையில நிக்கறவங்கள்ல தோள் பெருத்தவனா ஒருத்தனைப் பிடிச்சுக்குவேன். அறுபத்து நாலாவது படத்துலயும் நீ செத்துக்கிட."

வெர்ன் பனியனோடு தெருவில் இறங்கி நடந்தான்.

தெருமுனை மருந்துக் கடை வாசலில் வழக்கம்போல இருபது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் தொப்பியும் பூட்சுமாக. எந்தக் கம்பெனியாவது வந்து ஆள் எடுக்கும் என்று விடிந்ததிலிருந்து நிற்கிறவர்கள்.

"என்ன மாப்ளே, சட்டையை சீட்டாட்டத்துல விட்டுட்டியா?"

"கதாநாயகன்டா. கதாநாயகனெல்லாம் பனியனோடதான் வருவான்."

"வெர்ன் அண்ணே, ஒரு பாட்டு எடுத்து விடுங்க!"

அவன் நிற்கவில்லை. அடுத்த சந்தில் ஓபல் க்ரெய்னின் சாப்பாட்டுக் கடை. எட்டு ஸ்டூல், ஒரு அடுப்பு, காரப் பயறும் சோள ரொட்டியும். புருஷன் டெல் க்ரெய்ன் போனபிறகு அவள் வைத்த கடை.

டெல்லும் வெர்னும் ஒக்லஹோமாவிலிருந்து ஒரே மாட்டு ரயிலில் வந்தவர்கள். மாடுகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்கள். அந்தப் பாறையிலிருந்து குதிக்க டகெட் ஆள் கேட்டபோது இருவருமே கை தூக்கினார்கள். காசு சுண்டினார்கள். டெல் ஜெயித்தான். ஜெயித்த சந்தோஷத்தில் வெர்னின் தொப்பியைப் பிடுங்கி ஆற்றுப் பக்கம் எறிந்துவிட்டுத்தான் குதிரையில் ஏறினான். கீழே கரையில் வெர்ன் இன்னொரு குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆற்றிலிருந்து குதிரை மட்டும் வந்தது.

"சட்டை எங்கே?" என்றாள் ஓபல்.

வெர்ன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பொத்தான் தெறித்ததைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட வந்தது. "அவன் செத்ததைக் காட்டி இன்னொருத்தன் பேர் வாங்கினது போதும். நான் நாலாவது ஆளா இருக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"என்ன?"

"யாரைக் கேட்டுன்னேன். நான் உன்கிட்ட வந்து அழுதேனா? அந்தச் சட்டையைக் கொளுத்துன்னு சொன்னேனா?"

ஸ்டூலில் இருந்த இரண்டு பேர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"மூணு படம் வந்துச்சு, வெர்ன். ஒவ்வொண்ணையும் கடையைப் பூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். தியேட்டர் மாத்தி தியேட்டர். ஒம்போது செகண்டு. அவன் குதிக்கறதுக்கு முன்னால இடது தோளைக் கொஞ்சம் தூக்குவான், பார்த்திருக்கியா? மாவு மூட்டை தூக்கும்போதும் அப்படித்தான். எங்கிட்ட அவனோட போட்டோ ஒண்ணுதான் இருக்கு. அதுல அசையாம நிக்கிறான். அங்கேதான் அசையறான். நீ போய் அந்த டப்பாவை மூடிட்டு வந்து எங்கிட்ட பெருமை பேசறே."

வெர்ன் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்போ உனக்குக் கோபமே இல்லையா?"

"இருக்கு. குதிச்சு முடிச்சதும் பின்னால உக்காந்திருக்கறவன் 'சபாஷ் ராக்கி'ங்கறான். ராக்கி யாரு? போன தடவை 'சபாஷ் பக்'. அதுதான் எனக்கு எரியுது. சட்டை என்ன பண்ணுச்சு?" தட்டில் பயறு ஊற்றி அவன் முன்னால் தள்ளினாள். "தின்னுட்டுப் போ. பனியனோட என் கடையில உக்காந்திருக்காதே, நாலு பேர் வர்ற இடம்."

அவன் சாப்பிட்டான். கடைசி ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தான். எழுந்து போனான்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. டகெட்டின் அறையில் காரியதரிசி ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஐடா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பிடித்து வந்த ஒருவன் சட்டையை மாட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு அது பொம்மைக்குப் போர்த்தியது போல இருந்ததாம்.

"வந்துட்டியா, வா," என்றார் டகெட். "கையெழுத்துப் போடு. உனக்குப் பேர் வச்சாச்சு. ராண்டி ஸ்டோன்."

எல்லோருக்கும் கம்பெனிதான் பெயர் வைக்கும். ராக்கி என்பவன் வீட்டில் யூஜின். பக் என்பவன் அயோவாவில் பல் வைத்தியர் மகன். தன் சொந்தப் பெயரோடு அந்தத் தெருவில் குதிரை ஏறிய கதாநாயகன் யாருமில்லை.

"பேர் நான் சொல்றேன்," என்றான் வெர்ன்.

"பேர் கம்பெனி வைக்கும்."

"அப்போ சட்டையையும் கம்பெனியே போட்டுக்கட்டும்."

டகெட் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐடாவின் மடியிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

"சரி, என்ன பேர்?"

"டெல்பெர்ட் க்ரெய்ன்."

ஐடாவின் ஊசி நின்றது. வெர்ன் டகெட்டின் முகத்தையே பார்த்தான். கண், புருவம், வாய். எங்கேயாவது ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான்.

"டெல்பெர்ட் க்ரெய்ன்," என்று டகெட் சொல்லிப் பார்த்தார். "டெல்பெர்ட் க்ரெய்ன். நல்லாத்தான் இருக்கு. மண்ணுல வேலை செஞ்சவன் பேர் மாதிரி இருக்கு. ஆனா தம்பி, ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இந்தப் பேர்ல நடிச்சா வெர்ன் ஹாஸ்கெட்னு ஒருத்தன் கதாநாயகனா நடிச்சதே எவனுக்கும் தெரியாமப் போயிடும். பேர் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே போய் 'அது நான்தான்'னு நீ சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

கையெழுத்துப் போட்டான். காரியதரிசி தாளில் ஊதி மையைக் காய வைத்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துப் போஸ்டர் அச்சகத்துக்குப் பெயரைப் படித்துச் சொன்னாள். அவள் சொல்லி முடித்து வைக்கும்வரை வெர்ன் காத்திருந்தான்.

"மிஸ்டர் டகெட், அது யார் பேர்னு தெரியுதா?"

"யார் பேரு?"

"பாறையிலேருந்து குதிச்சவன் பேரு. தண்ணியிலேருந்து வராதவன். அவனை நான் தேடிட்டிருக்கும்போது நீங்க கரைக்கு ஓடி வந்தீங்க. மொத மொதல்ல என்ன கேட்டீங்க தெரியுமா? 'குதிரை வந்துடுச்சா'ன்னு கேட்டீங்க."

டகெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டாமினோ," என்றார். "அந்தக் குதிரை பேரு டாமினோ."

"ஆமா. அது ஞாபகம் இருக்கு உங்களுக்கு."

டகெட் தாளைக் கிழித்திருக்கலாம். கிழித்தால் திங்கட்கிழமை விடியும்போது பாறையில் பன்னிரண்டு குதிரைகளும் இரண்டு காமிராவும் கதாநாயகன் இல்லாமல் நிற்கும். அவர் கிழிக்கவில்லை.

"இந்தப் படத்தோட சரி," என்றார், திரும்பாமலே. "அப்புறம் இந்தக் கம்பெனியில நாயை உதைக்கிற வேலைதான் உனக்கு."

"பரவாயில்ல. நாய்களுக்கு என்னைப் பிடிக்கும்."

ஐடா சட்டையை உதறிப் பிடித்தாள். அவன் கைகளை உள்ளே விட்டான். பொத்தான்களை அவளே மாட்டினாள், மேலிருந்து கீழாக, ஒன்றுவிடாமல்.

படத்தை ஆறு நாளில் எடுத்தார்கள். வெர்ன் பண்ணையைக் காப்பாற்றினான், நீதிபதியின் மகளிடம் தொப்பியைத் தூக்கினான், புள்ளிக் குதிரையில் பாறை விளிம்புவரை ஓட்டி வந்து நிறுத்தினான். விளிம்பில் நிறுத்துவதற்கு முன், யாரும் சொல்லாமலே, இடது தோளைக் கொஞ்சம் தூக்கினான். டகெட் இன்னொரு முறை எடுக்கச் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஓபல் கடையைப் பூட்டினாள். வெர்னும் கூடப் போனான். தியேட்டரின் அந்தக் கோடியில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அது அவள் கண்ணில் படாமல், இந்தக் கோடியிலிருந்த பக்கவாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனான். பள்ளிக்கு மட்டம் போட்ட கூட்டமும் வேலையில்லாதவர்களும் உள்ளே இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அது அவள் எப்போதும் உட்காரும் வரிசை.

விளக்கு அணைந்தது. கம்பெனியின் முத்திரை வந்தது. பிறகு திரை முழுக்க ஒரே ஒரு பெயர் வந்தது.

ஓபல் கையுறைகளைக் கழற்றினாள். ஒன்றை மடியில் வைத்தாள், இன்னொன்றைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"உன் பேரை எங்கே வச்சே?" என்றாள் மெதுவாக.

"இருக்கு. எங்கே போயிடும்?"

"முட்டாள்," என்றாள்.

வெர்ன் அந்த ஒன்பது வினாடியை முதல்முறையாகப் பார்த்தான். தான் பாறை விளிம்புக்கு வருவதைப் பார்த்தான். வெட்டு எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. டெல் தோளைத் தூக்கினான். குதிரை முன்னங்கால்களை மடக்கியது. இருவரும் காற்றில் நின்றார்கள், அவ்வளவு நேரம் நிற்க முடியுமா என்று தோன்றும்வரை நின்றார்கள். பக்கத்தில் ஓபலின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எழும்பியது. பின்வரிசையில் எவனோ நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான்: "குதிச்சான்டா க்ரெய்ன்! சபாஷ் க்ரெய்ன்!"

இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். விசில் பறந்தது. உட்காருங்கடா என்று யாரோ அதட்டினார்கள். அவர்கள் உட்காரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெர்ன் ஐந்தரை மணிக்கு மருந்துக் கடை வாசலுக்கு வந்தான். ஏழு மணிக்கு ஒரு லாரி வந்து பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டது. அவனும் ஏறினான். மாடு திருடுகிற கூட்டத்தில் நாலாவது ஆள். காலையில் ஒரு பழுப்பு நாய்க்குப் பன்றி வறுவல் கொடுத்தான். பத்தரைக்கு அதை உதைத்தான். அது வாலை ஆட்டியது. மறுபடி எடுத்தார்கள். பதினொன்று பத்துக்கு அவனைச் சுட்டார்கள். பாறைக்குப் பின்னால் விழுந்து, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அங்கேயே கிடந்தான். சாயங்காலம் ஓபலின் கடையில் பயறு சாப்பிட்டான். உப்பு கூடியிருந்தது. சொன்னான். இஷ்டமிருந்தால் தின்னு என்றாள்.