காரில் பார்க்க முடியாத நகரம்

குலேந்திரன் பொறுமைசாலி. ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் கழுவும் பகுதியில் அவரோடு வேலை செய்யும் எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கட்டிலைக் கழுவித் துடைத்து, சில்லுகளை உருட்டிப் பார்த்து, விரிப்புப் போட்டு அனுப்ப மற்றவர்களைவிட அவருக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். கோயிலில் அன்னதான வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். மனைவி யோகராணி சீலை தெரிவு செய்து முடியும்வரை கடையில் இருக்கக் கதிரைகூடக் கேட்கமாட்டார். இதே மனிதர் காரில் ஏறிவிட்டால் வேறு ஆள். கையிலும் வாயிலும் இருந்த பொறுமை வலது காலுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவர் யோகராணியின் அண்ணன் தர்மலிங்கம். யாழ்ப்பாணத்தில் கலியாணப் பேச்சு நடந்த நாட்களில், யாருடையதோ மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பெண்பார்க்க வந்த குலேந்திரன், படலைக்குள் திரும்பிய விதத்தை அவர் பார்த்துவிட்டார். தகப்பனிடம் போய், இந்தப் பெடியனுக்குப் பிறேக் என்று ஒரு சாமான் இருப்பது தெரியாது, தங்கச்சியைக் கொடுக்க வேண்டாம் என்றார். தகப்பன் கேட்கவில்லை. கலியாணம் நடந்தது. தர்மலிங்கம் கனடாவுக்குப் போய் ரொறன்ரோவில் கார் திருத்தும் கராஜ் போட்டார், பிறகு தகப்பனையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார்; சொன்னதைத் திரும்பச் சொல்லவுமில்லை, மீளப் பெறவுமில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தப் பேச்சு அப்படியே இருந்தது. குலேந்திரன் வேலை செய்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், ஒஸ்லோவுக்குக் கிழக்கே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினார். எல்லாவற்றுக்கும் பின்னால் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது.

2008ஆம் ஆண்டு பங்குனியில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு கலியாணம். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று, எண்பது கிலோமீற்றர் வேகத்தில் கார் ஓட வேண்டிய தெருவில் குலேந்திரன் நூற்றிருபத்துநாலில் ஓடினார். பொலிஸ் மறித்தது. சாரதி அனுமதிப்பத்திரம் அந்த இடத்திலேயே போய்விட்டது; அது திரும்பி வரச் சில மாதங்களாகும் என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளை பகுதி மண்டபத்துக்கு வந்து சேர இன்னும் ஒரு மணித்தியாலம் எடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விஷயம் புருஷன் பெண்சாதி இருவருக்கும் மட்டும் தெரியும். வேலையிடத்தில், பஸ்ஸில் வருவது உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சமாளித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் வைகாசியில் வரும் பின்ஸ என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைக்குத் தங்கச்சியைப் பார்க்க வருவதாகத் தர்மலிங்கம் ரிக்கெற் எடுத்துவிட்டார்.

கார் பழுது என்று சொல்ல முடியாது. தர்மலிங்கம் அந்த நிமிடமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கராஜுக்குள் இறங்கிவிடுவார். விற்றுவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. பத்து வயதுக் கொறொல்லா கராஜை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் யோகராணி.

"அண்டைக்கு அவர் சொன்னது சரி எண்டு நானே என்ரை வாயாலை சொல்லவோ?" என்று கேட்டார் குலேந்திரன்.

விமான நிலையத்துக்கு ரயிலில் போய் மச்சானை ரயிலிலேயே கூட்டிவந்தார். முதல் இரவு சாப்பாடு முடிந்து, நாளைக்குக் காரை எடும், ஊரைச் சுற்றிப் பார்ப்போம் என்று தர்மலிங்கம் சொன்னபோது, குலேந்திரனின் வாயிலிருந்து அவரே எதிர்பார்க்காத ஒரு வசனம் வந்தது. வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் யாரோ ஒரு நோர்வேக்காரி சொன்னது.

"இந்த நகரத்தைக் காரிலை பாக்கேலாது மச்சான். இது டிசைனுக்குப் பேர்போன இடம். சைக்கிளிலைதான் பாக்கவேணும்."

யோகராணி சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மகன் சயூரன் பேர்கனுக்குப் படிக்கப் போகும்போது விட்டுச் சென்ற சைக்கிள் ஒன்று இருந்தது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டு நோர்வேக்காரரிடம் கேட்டார். பதினொரு வருடமாக வணக்கத்தோடு நிறுத்திக்கொண்ட அந்த மனிதர், கலியாண அழைப்புக் கிடைத்தவர்போல் மகிழ்ந்து, காற்றடிக்கும் பம்பையும் இரண்டு தலைக்கவசங்களையும் சேர்த்துத் தந்தார்.

சனிக்கிழமை நல்ல வெயில். கிழக்கேயிருந்து நகரத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் இறக்கம் என்பதால் இருவரும் கௌரவமாகவே போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் குலேந்திரனுக்கு ஒரு சங்கடம் தெரியவந்தது. அவர் இந்த நகரத்தைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒஸ்லோ சுரங்கப்பாதைகளால் ஆனது: ஒரு துளையால் நுழைந்து இன்னொரு துளையால் வெளியே வருவது. நகரசபைக் கட்டடத்துக்கு முன்னாலிருக்கும் சதுக்கத்தின் கீழால் எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறார். மேலே அவ்வளவு செங்கல்லும் இரண்டு கோபுரங்களும் நிற்பதை அன்றைக்குத்தான் கண்டார். ஆனாலும் வழிகாட்டி ஆச்சரியப்படக் கூடாது. அதனால் எதைக் கண்டாலும் தலையை ஆட்டி, "எளிமை. அதுதான் இவங்கடை டிசைன்" என்றார். பாலத்துக்கும் அதையே சொன்னார், குப்பைத்தொட்டிக்கும் அதையே சொன்னார்.

கடற்கரையில் புதிதாகத் திறந்திருந்த ஒப்பரா மண்டபத்துக்கு முன்னால் தர்மலிங்கம் சைக்கிளை நிறுத்தினார். வெள்ளைச் சலவைக்கல் சரிவாக எழுந்து கூரையாகி, அதன்மேல் சனம் ஏறி நடந்துகொண்டிருந்தது.

"இதென்ன, இன்னும் கட்டி முடியேல்லையோ?"

"முடிஞ்சுது. இதுதான் முடிவு."

"கூரையிலை சனம் நிக்குது."

"அதுக்குத்தான் கூரை" என்றார் குலேந்திரன். சொன்னபிறகு, தான் சொன்னது உண்மையாக இருக்கும் என்று அவருக்கே பட்டது. இருவரும் ஏறி, சூடான கல்லில் இருந்து கப்பல்களைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரப் பாதையால் போய், ஒரு கண்காட்சியில் கதிரைகள் பார்த்தார்கள். ஒன்றில் தர்மலிங்கம் இருந்துவிட்டார். அது இருப்பதற்கான கதிரை அல்ல என்று காவலாளி மரியாதையாகச் சொன்னார். இருக்கேலாத கதிரையும் நடக்கிற கூரையும் என்று தர்மலிங்கம் அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனிதருக்கு ஊர் பிடித்துவிட்டது.

ஆபத்து, தமிழ்க் கடைகள் இருக்கும் குறொன்லாண்டில் வந்தது. ஒஸ்லோத் தமிழர்களைப் பொறுத்தவரை, வளர்ந்த தமிழன் ஒருவன் சைக்கிளில் போனால் அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. மரக்கறிக் கடை வாசலில் வானில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த மட்டக்களப்பு ரதீஸ் அதைத் தெருவே கேட்கச் சொன்னான்.

"என்ன அண்ணே, லைசென்ஸைத் தூக்கிட்டாங்களா?"

குலேந்திரனுக்கு ஒரு கணம் பெடலில் கால் தவறியது. பிறகு, "ஓமடா, தூக்கிப்போட்டாங்கள். உன்ரையையும் தூக்கினால்தான் நீ ஊரைப் பாப்பாய்" என்றார். ரதீஸ் சிரித்தான். தர்மலிங்கம் இன்னும் பலமாகச் சிரித்தார். உண்மையை மறைக்க அதை அப்படியே சொல்லிவிடுவதுபோல் வசதியானது வேறில்லை.

திங்கட்கிழமை தேபானே என்ற நகர ரயிலில் சைக்கிள்களோடு மலைக்கு ஏறி, அங்கிருந்து நகரத்துக்கு இறங்கினார்கள். தர்மலிங்கத்துக்கு அன்றைக்குப் பதினெட்டு வயது. வளைவு வளைவாகப் பறந்தார். குலேந்திரனுக்கோ பொலிஸ் எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறது என்ற பயம் இன்னும் தெளியவில்லை. இரண்டு கையாலும் பிறேக்கைப் பிடித்தபடி, தன் வாழ்நாளில் இல்லாத நிதானத்தோடு பின்னால் வந்து சேர்ந்தார். தர்மலிங்கம் அடிவாரத்தில் ஒரு வாங்கில் குந்தி வியர்வை துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மச்சான், நான் ஒண்டு சொல்லவேணும்" என்றார். "உம்மைப் பற்றி நான் அந்த நாளையிலை ஐயாவுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். மூண்டு நாளாப் பாக்கிறன். நீர் நல்ல நிதானமான ஆள்."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த வசனம். அது இப்படி வந்து மடியில் விழும் என்று குலேந்திரன் நினைத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இருக்கத்தான் நினைத்தார். ஆனால் தர்மலிங்கம் கைத்தொலைபேசியை எடுத்து, ரொறன்ரோவில் இப்போது விடிந்திருக்கும், ஐயாவிடம் இதை இப்பவே சொல்லவேண்டும் என்று இலக்கங்களை அழுத்தத் தொடங்கிவிட்டார். மச்சானுக்குச் சொன்ன பொய்யோடு வாழ்ந்துவிடலாம். கிழவர் அன்று தன்னை நம்பிப் பெண் கொடுத்தவர். அவர் காதுக்கு இப்படி ஒரு நற்சான்று போகக் கூடாது.

"வையுங்கோ மச்சான். என்ரை லைசென்ஸை எடுத்துப்போட்டாங்கள். பங்குனியிலை. அதாலைதான் இந்தச் சைக்கிள்."

தர்மலிங்கம் தொலைபேசியைப் பார்த்தார். பிறகு குலேந்திரனைப் பார்த்தார்.

"எத்தினையிலை ஓடினனீர்?"

"எண்பதிலை. நூற்றிருபத்துநாலு."

"அந்தக் கொறொல்லாவிலையோ?"

"ஓம்."

"ஆடி உலைஞ்சதோ?"

"இல்லை. நூல் பிடிச்சமாதிரிப் போனது."

அந்த வயதுக் காருக்கு அது நல்ல பராமரிப்பு என்று தர்மலிங்கத்தின் முகம் சொன்னது. பிறகு, தன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, முதலே சொல்லியிருந்தால் தானே ஓட்டியிருப்பேன், மூன்று நாளாகக் குண்டி நோவோடு திரிந்திருக்கத் தேவையில்லை என்று முறைப்பட்டார். அதுவும் முடிந்தபிறகுதான் முக்கியமானது அவருக்குப் பிடிபட்டது.

"அப்ப நான் அண்டைக்குச் சொன்னது சரி."

"சரிதான்" என்றார் குலேந்திரன்.

தர்மலிங்கத்தின் முகத்தில் வந்த நிறைவை ஒப்பராவோ கடலோ கொண்டுவந்திருக்கவில்லை. பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்ட அந்தப் பத்து நிமிடம் அவருக்கே பாரமாகத்தான் இருந்திருக்கிறது. தொலைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். ஐயாவுக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்றார். வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, 124இல் அந்தக் கார் வளைவுகளில் எப்படித் திரும்பியது என்று கதைத்தார்கள். கதவைத் திறந்த யோகராணி இரண்டு முகங்களையும் பார்த்தாள். சோறு போட்டாள்.

அனுமதிப்பத்திரம் இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு குலேந்திரனோடு காரில் போனவர்கள், பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மலிங்கம் தொலைபேசி எடுத்தால், தங்கச்சியைக் கேட்க முதல் இப்போது மச்சானைக் கேட்கிறார். இந்தக் கிழமை எத்தினையிலை ஓடினனீர் என்பதுதான் கேள்வி. குலேந்திரன் உள்ளதைச் சொல்கிறார்.