சிவப்பு அட்டை கட்டிய சக்கரம்

எங்கள் சாம்பிள் ரூமின் கடைசி ராக்கில், பெண்களுக்கான பூட்ஸ் வரிசைக்குக் கீழே, கார் சக்கரத்தின் ரிம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பத்தொன்பது அங்குலம். கறுப்பு நிறம், ஒல்லியான ஆரங்கள், அவ்வளவு அழகு. ஒரு பக்கம் விளிம்பு லேசாக நெளிந்திருக்கும். தடவிப் பார்த்தால்தான் தெரியும். ஆரம் ஒன்றில் சிவப்பு அட்டை தொங்குகிறது. ஷூ சாம்பிள் தேறவில்லையென்றால் நாங்கள் கட்டுகிற அதே அட்டை. ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்கள் அதைப் பார்த்துவிட்டு, இப்போது சக்கரமும் செய்கிறீர்களா என்று கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஷூ பார்க்க வந்தவர்களிடம் ஒரு புருஷன் பெண்டாட்டி கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரிம் எங்கள் முதலாளியுடையது. நான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி ஆம்பூருக்கு வேலைக்கு வர ஆரம்பித்த காலத்தில் கம்பெனி வெறும் ஒரு ஷெட். பெண்கள் ஷூ ஒன்று புதிதாகத் தயாரானால் அதைப் போட்டு நடந்து பார்க்க ஒரு கால் வேண்டும். பையர் கேட்கிற அளவு அச்சாக முதலாளியம்மாவின் காலாக அமைந்துவிட்டது. வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சொல்லி அனுப்பினால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வருவார். ஷூவை மாட்டிக்கொண்டு சிமென்ட் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சரியில்லையென்றால் கழற்றிவிட்டு, “இங்க கடிக்குது” என்று ஓரிடத்தில் விரலை வைப்பார். உடனே சிவப்பு அட்டை. நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்; போட்ட ஷூவோடு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார். பையருக்கு அனுப்ப நாங்கள் இன்னொரு ஜோடி தைக்க வேண்டியதுதான்.

கம்பெனி வளர்ந்தது. முதலாளி வீட்டில் இருக்கிற நாள் குறைந்தது. இத்தாலி, ஜெர்மனி என்று பெட்டியும் கையுமாகவே திரிந்தார். “இந்த ஆர்டர் முடியட்டும், உன்னையும் இட்டுனு போறேன்” என்று அம்மாவிடம் அவர் சொல்வதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆர்டர்தான் முடிந்தபாடில்லை. கடைசியில் அம்மாவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனபோதுதான் மனிதருக்கு உறைத்தது. பொறுப்பைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, பெங்களூரில் யாரோ கொஞ்சநாள் ஓட்டிவிட்டு விற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

“சிரிக்காதம்மா. ரெண்டே சீட்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்களுக்கு. பையர் உக்கார எடமே இல்ல, பாத்துக்க” என்றார். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

கார் பதினேழு அங்குலச் சக்கரத்தோடு வந்திருந்தது. ஆயுள் முழுக்க ஷூவின் அழகை விற்றவருக்கு அது பிடிக்குமா? என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து போனில் ரிம் படங்களாகத் தள்ளிக்கொண்டிருப்பார். இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா என்று என் உயிரை எடுப்பார். வேலூர் டயர் கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: சக்கரத்தின் மொத்த உயரம் மாறக்கூடாது; ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும்; அதிர்ச்சியைத் தாங்குவது அந்த ரப்பர் சுவர்தான். “ரோடு நல்லா இருந்தா ராஜா மாதிரி போலாம் பாய். பள்ளம் வந்தா பேஜார்” என்றார். முதலாளியின் காதில் ராஜா மட்டும்தான் விழுந்தது. பத்தொன்பது அங்குல ரிம்மும் பட்டையாக ஒட்டிய டயரும் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். தையல் பிரிவுப் பெண்கள் எல்லாரும் ஓடிவந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காரில் அம்மாவின் முதல் பயணம் வேலூருக்கு, டாக்டரிடம் காட்ட. பள்ளிகொண்டாவுக்கு அப்பால் சர்வீஸ் ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் தடாலென்று இறங்கி ரிம் நெளிந்தது. முதலாளி போனில் கூப்பிட்டார். “கம்பெனி வண்டிய எடுத்துனு வாம்மா, சீக்கிரம்” என்று இடத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் போனபோது அம்மா சிறுபாலத்தின் கட்டையில் இடுப்பைப் பிடித்தபடி கண்மூடி உட்கார்ந்திருந்தார். முதலாளி வெயிலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். “இந்த வண்டியில இனிமே நான் ஏறமாட்டேன்” என்றார் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது எனக்கு.

ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ஆனால் கார் உறைக்குள் போய்விட்டது. முதலாளி பழையபடி காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள், ஜெர்மனிக்கு டிக்கெட் பார்க்கச் சொன்னார். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. இந்த மனிதர் திரும்பவும் பெட்டியைத் தூக்கிவிட்டால் அந்த அம்மா அவ்வளவு பெரிய வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இனி இன்னொரு கார், இன்னொரு ஆசை எல்லாம் இவருக்கு வராது.

அன்று கம்பெனி வண்டியில் வரும்போது அம்மா என்னிடம் முனகியது ஒன்று உண்டு. அதை அப்படியே சொன்னேன்: “எத்தன சாம்பிள் போட்டு நடந்திருக்கேன். இத மட்டும் என்னக் கேக்காமயே பாஸ் பண்ணிட்டாரு.”

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். டிக்கெட்டைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

அன்றைக்கே வேலூர் போனோம். “எல்லாரும் ரிம்ம ஏத்துவாங்க, நீங்க இன்னா பாய், எறக்குறீங்க?” என்றார் கடைக்காரர். பதினாறு அங்குல ரிம், உயரமான பக்கச் சுவர் கொண்ட டயர், மொத்த உயரம் ஏறக்குறைய கார் கம்பெனி கொடுத்ததுதான். ரிம் சிறிதானால் பிரேக்கில் உரசுமே என்று முதலில் ஒன்றை மட்டும் முன்பக்கம் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். நடுவில் விரல் தாராளமாகப் போனது. நான்கையும் மாட்டியதும் கார் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டது. “நர்ஸம்மா செருப்பு மாதிரி இருக்கு முதலாளி” என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

ஏறமாட்டேன் என்றவரை எப்படி ஏற்றுவது? நான் வீட்டுக்குப் போய், “சாம்பிள் ரெடிம்மா. போட்டுப் பாக்கணுமாம்” என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

கம்பெனி கேட்டுக்கு உட்புறம் ஒரு வேகத்தடை உண்டு, எமகாதகத் தடை. செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டேன். கார் மெல்ல வந்து முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது, நின்றது. முதலாளி முகத்தைத் திருப்பி அம்மாவையே பார்த்தார். நான் அம்மா பக்கத்துக் கதவையே பார்த்தேன். கடித்திருந்தால் கதவு திறக்கும், விரல் ஓரிடத்தைக் காட்டும். கதவு திறக்கவில்லை. “எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அம்மா கையை நீட்டி, திறந்திருந்த கேட்டைக் காட்டினார்.

கார் ரோட்டில் ஏறித் திரும்பி மறைந்தது. “ஏன்க்கா அழுவுற?” என்றார் செக்யூரிட்டி. ஏலகிரி மேலே போய் டீ குடித்துவிட்டுப் பொழுது சாய வந்து சேர்ந்தார்கள்.

பெரிய ரிம்களில் மூன்றைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். நெளிந்ததற்கு அம்மாதான் தன் கையால் சிவப்பு அட்டை கட்டி இந்த ராக்கில் வைக்கச் சொன்னார். நேற்றும் ஒரு பையர் அதைக் காட்டி, இது தேறவில்லை சரி, தேறிய சக்கரம் எங்கே என்று கேட்டார். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். கேட்டைத் தாண்டி அது போய்க்கொண்டிருந்தது, இரண்டு சீட்டிலும் ஆளோடு.