பக்கத்தில் இல்லாத பெயர்

தூத்துக்குடியில் சட்டம் படித்து முடித்த வாரம், எங்கள் மாணவர் சட்ட இதழுக்கு விடைகொடுக்க ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். ஆசிரியர் குழுவில் இருந்த மூவருமே கல்லூரியை விட்டுப் போகிறோம். பொறுப்பேற்க ஜூனியர்கள் யாரும் முன்வரவில்லை.

அழைத்தவர்களில் வந்தது ஒரே ஒரு பெண்மணி. ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். தனியார் கிட்டங்கி ஒன்றில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவர் கணவர் இறந்துபோனார். கடைசி இதழில் நான் எழுதியது, அதற்காக அவர் தொடுத்திருந்த வழக்கைப் பற்றித்தான்.

ஒடிசலான உடம்பு, நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. எதைக் கையில் வாங்கினாலும் முந்தானையால் துடைப்பார். நான் கொடுத்த புத்தம்புது இதழையும் துடைத்துவிட்டுத்தான் பிரித்தார்.

"எல்லாம் இங்கிலீஷா இருக்கே தம்பி. எங்க வீட்டுக்காரரு பேரு எங்க இருக்கு?"

பெயரை மாற்றிப் போடுவதுதான் இதழின் வழக்கம் என்று சொன்னேன்.

"செத்தது அவருல்லா? வேற யாரு பேரையோ போட்டிருக்கியளே." குரலில் கோபமே இல்லை. "சரி, அடுத்த புஸ்தகத்துல சரியா போட்டிருவியளா?"

நண்பர்கள் இருவரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"போட்டிருவோம்மா" என்றேன்.

நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் இதழ் வரவேயில்லை. நான் இப்போது வக்கீல். அவர் வழக்கு இன்னும் வாய்தாவிலேயே கிடக்கிறது. கோர்ட்டு வராந்தாவில் அவரைக் கண்டால் வேறு படியில் இறங்கிப் போய்விடுகிறேன்.