உரக்கச் சொல்லாத பெயர்

துப்புரவு வேலையில் ஐந்து மாடி துடைத்துவிட்டு, நோர்வேயின் குரோருட் ரயில் ஸ்டேஷனுக்கு வந்தபோது கால் உளைந்தது. பக்கத்துச் சரிவில் அந்த நாட்டுப் பெண் ஒருத்தி, பனிக்குள் ஓடிவிட்ட தன் நாயை ஊருக்கே கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

வன்னி எல்லையில் அப்பா காடு வெட்டிக் குடிசை போட்டபோது எனக்கு எட்டு வயது. எங்கள் நாயின் முதுகில் புலிக்கு இருப்பதுபோல் வரி இருந்ததால் ரைகர் என்று பெயர் வைத்தேன். கிணற்றடிக்குப் போனால் பாம்பு கிடக்கிறதா என்று முகர்ந்தபடி எனக்கு முன்னால் நடக்கும். யானை வருவது முதலில் அதற்குத்தான் தெரியும்.

பிறகு குளத்துக்கு அந்தப் பக்கம் ஆமி முகாம் வந்தது.

"பிள்ளை, இனி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதை. புலியைக் கூப்பிடுறமெண்டு நினைப்பாங்கள்" என்றார் அப்பா.

மணி என்று மாற்றினோம். அது திரும்பியும் பார்க்கவில்லை.

ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று ரைகர் காட்டுக்குள் எங்கேயோ நின்றது. றோட்டு முழுக்க ஆமி. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் இருந்தபடி "மணி, மணி" என்று தொண்டை வற்றக் கத்தினேன். அது வரவில்லை.

அந்தப் பெண்ணின் நாய் வந்துவிட்டது. அவர்கள் போன பிறகு, ஆளில்லாத பிளாட்ஃபாரத்தில் நின்று "ரைகர்" என்றேன். இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் மெதுவாகத்தான் சொன்னேன்.