என் கல்யாணக் கார்டின் கடைசி வரி

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். ஊரார் கல்யாணக் கார்டையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள், கடைசியில் என் கார்டையும் நானே அடிக்க உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, அதனால் கார்டு இங்கிலீஷில்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். இங்கிலீஷ் என்றால் எங்கள் பக்கத்து வழக்கம் மாறிவிடுமா? பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று அத்தனை பேரும் ஜோடி ஜோடியாக அழைப்பவர் பட்டியலில் வரவேண்டும். ஒருவர் பெயர் எழுத்தளவில் அரைப் பாயிண்ட் சிறுத்தாலும் அவர் கல்யாணத்தில் கை நனைக்க மாட்டார்.

பட்டியலில் என் சின்ன அத்தை மட்டும் இல்லை. வீட்டை மீறி வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட, அப்பாவின் ஒரே தங்கை. கோயமுத்தூரிலேயே இருந்ததால், மத்தியானத்தில் எனக்கு டிபன் பாக்ஸில் சோறு கொண்டுவந்து தருவார். அது வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தை இல்லாமல் மணவறையில் உட்கார எனக்கு மனசே இல்லை. அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

"எனக்கென்ன கண்ணு, போடலாம். கார்டுல எடமில்லையே" என்றார்.

வீட்டில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சொன்ன அதே சாக்கு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடம்தானே, பார்த்துவிடுகிறேன் என்று மறுநாள் வேலைக்குப் போனேன்.

முதலில் அடித்தது, அப்போது எல்லோரும் விரும்பிக் கேட்ட சுருள் எழுத்து. அவரைக்கொடி போல வளைந்து, ஒரு பெயருக்கே அரை வரியை விழுங்கியது. டைம்ஸுக்கு மாற்றினேன். செய்தித்தாளுக்கென்று செய்த எழுத்து அது. அலட்டல் கிடையாது. தடித்த கோடும் மெலிந்த கோடுமாக, நுனியில் சின்னப் பாதம் ஊன்றி நிற்கும். எவ்வளவு நெருக்கி உட்காரவைத்தாலும் ஒன்றை ஒன்று இடிக்காது, படிக்கிறவர் கண்ணையும் உறுத்தாது. டவுன் பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளிக்குங்க' என்றால் முணுமுணுக்காமல் தள்ளி உட்காரும் ஆள் மாதிரி. அளவைக் குறைக்காமலே பட்டியல் மேலே ஏறியது. அடியில் ஒரு முழு வரி காலி. சந்தோஷத்தில் தனியாகவே சிரித்தேன். அத்தை பெயரை அடித்தேன். அத்தையைக் கட்டிய மாமா பெயரைச் சேர்க்க எனக்கே தைரியம் வரவில்லை.

சாயங்காலம் புரூஃபை அப்பாவிடம் நீட்டினேன். "எடமிருந்துச்சுங்கப்பா" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர் பெயராக விரலை நகர்த்தினார். கடைசிப் பெயரில் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோடு போட்டு அடித்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏனுங்க, இருந்துட்டுப் போகட்டும், உட்டுருங்க" என்றார் அம்மா.

"தங்கச்சியத் தனியாவா கூப்புடுறது?" என்ற அப்பா, அத்தை பெயருக்கு முன்னால் மாமாவின் பெயரை எழுதினார். பதினாறு வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்காத பெயர். இனிஷியலைக்கூட என்னிடம் கேட்கவில்லை, அதோடு சேர்த்தே எழுதினார்.