கொன்றைக்கு ஓங்கிய கோடாலி

வேங்கிக்கால் சாலையில் நேற்று கார் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்த சரக்கொன்றைக் காயின் புளித்த வெல்ல வாசனை மூக்கில் ஏறியதும், இப்போது லாட்ஜாகிவிட்ட எங்கள் அடி அண்ணாமலை கிராமத்து வீட்டின் கிணற்றடி நினைவில் எழுந்து வந்தது. எழுபதுகளில் அங்கே ஒரு கொன்றை நின்றது. குழந்தை இல்லையென்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுப்போன அத்தை, விதையை அம்மியில் உரசி நட்டு, துணி அலசிய தண்ணீரை ஊற்றியே வளர்த்த மரம்.

கூரையைத் தாண்டி வளர்ந்தும் அது பூக்கவில்லை. பூக்காத மரத்தை, பயந்தாவது பூக்கட்டும் என்று, எங்கள் பக்கம் கோடாலி காட்டி மிரட்டுவார்கள். ஒருவர் ஓங்க, வளர்த்தவர் குறுக்கே விழுந்து, "வுட்டுடுங்க, அடுத்த வருஷம் பூத்துடும்" என்று கெஞ்சுவார். விளையாட்டுப் போலத்தான். அன்று அப்பா கோடாலியை ஓங்கி, "பூக்காதது வூட்ல இன்னாத்துக்கு?" என்று அதட்டினார். நாங்கள் சிரித்தபடி அத்தையைப் பார்த்தோம்.

"வெட்டிடுண்ணா," என்றாள் அத்தை. "பூக்காதது வூட்டுக்கு ஒண்ணு போதும்."

அப்பாவுக்கு ஓங்கிய கையை இறக்கத் தெரியவில்லை. அத்தைதான் வாளியைத் தூக்கிவந்து, அந்தக் கோடாலியின் நிழலுக்குள் குனிந்து, எப்போதும்போல வேருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.