பூவார் மணல்திட்டில் ஒரு பூநாரை

பூநாரையைப் பார்த்ததாகப் பெரியப்பா சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அவர் எது சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு காதுகொடுக்கிற வீடு எங்களுடையது.

கரமனையில் பெரியப்பாவின் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. அவருக்குக் குழந்தைகள் இல்லை. மின்சார ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கிவிட்டார். வேளி, வெள்ளாயணி, பூவார் என்று தண்ணீர் தேங்கி நிற்கிற இடமெல்லாம் போவார். சாயங்காலம் திரும்பியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அன்று பார்த்த பறவைகளைப் பற்றிக் காப்பி ஆறும்வரை பேசுவார். பெரியம்மாவுக்கு அதிலெல்லாம் சிரத்தை கிடையாது. அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே பறவைகள்தான். கறுப்பாக இருந்தால் காக்காய், இல்லாவிட்டால் கொக்கு.

பூநாரைக்குக் கொஞ்ச நாள் முன்னால் வேறொரு சம்பவம் நடந்திருந்தது. பூவாருக்குப் போகிறேன் என்று கிளம்பிய பெரியப்பா, வித்துராவில் போய் இறங்கிவிட்டார். கடலுக்குப் போக வேண்டியவர் மலையடிவாரத்துச் சந்தையில் நின்றுகொண்டு அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "இங்க கடல் எந்தப் பக்கம்னு தெரியலைடா" என்றாராம். அப்பா ஆபீஸை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தார். எனக்கு அது பெரிய வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூநாரை வந்தது. மாசி மாதம்.

"ஆறு கடல்ல சேர்ற எடத்துல ஒரு மணல்திட்டு இருக்கில்லையா, அதுல ஒத்தையா நின்னுண்டிருந்தது. இத்தன ஒயரம்!" என்று என் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டினார் பெரியப்பா.

"அதெல்லாம் நம்ம பக்கம் வராதேண்ணா," என்றார் அப்பா.

"வந்துதேடா."

"போட்டோ எடுத்தேளா?"

பெரியப்பாவின் போனில் பொத்தான்கள் மட்டும்தான் உண்டு. "கண்ணால பாத்தேன். போறாதா?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா காப்பி டம்ளரைக் கழுவ எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "ஞாயித்துக்கிழமை எல்லாருமாப் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனைக்குக்கூட வரமாட்டார். நான் குதித்தேன். பெரியப்பா என்னைவிட அதிகமாகக் குதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தன் பேச்சை நம்பி ஒரு குடும்பமே கிளம்புகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது!

பூவாரில் வள்ளம் ஓட்ட வந்த படகுக்காரரிடம் அப்பா முதல் வேலையாக மலையாளத்தில் விசாரித்தார். ரோஸ் நிறத்தில், நீளக் கழுத்துள்ள ஒரு பெரிய பட்சியை இங்கே பார்த்ததுண்டா?

"ஞான் கண்டிட்டில்ல சாரே," என்றார் வள்ளக்காரர். "பக்ஷே எல்லா திவசமும் ஞான் நோக்காறுமில்ல."

அவர் பார்த்ததில்லை. ஆனால் தினமும் பார்த்துக்கொண்டு நிற்பதும் இல்லை. அப்பா முதல் பாதிக்குத் தலையாட்டினார், பெரியப்பா இரண்டாவது பாதிக்கு.

ஆறு பச்சையாக அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கி நின்றன. ஒரு கிளையில் பாம்புத்தாரா சிறகை விரித்து, கொடியில் காயப்போட்ட சட்டைபோல இருந்தது. மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் கிளை கிளையாகப் பறந்துபோய் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா பைனாகுலரை எங்கள் எல்லோருடைய கண்ணிலும் மாறி மாறி வைத்தார். பெரியம்மா மட்டும் வேண்டாம் என்றாள். அவள் மடியில் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மணல்திட்டு நான் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல். நடுவில் கழுவித் துடைத்ததுபோல வெள்ளை மணல். அதில் நூற்றுக்கணக்கில் ஆலாப் பறவைகள் காற்றைப் பார்த்து ஒரே திசையில் உட்கார்ந்திருந்தன. அலை பின்வாங்கும்போது சின்னச் சின்ன உப்புக்கொத்திகள் அதன் பின்னாலேயே ஓடின. அலை திரும்பி வந்ததும் கால் தெரியாத வேகத்தில் இந்தப் பக்கம் ஓடி வந்தன.

"இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் வடக்க கிளம்பிடும். அதான் இப்படி அவசர அவசரமா சாப்பிடறதுகள்," என்றார் பெரியப்பா. பிறகு திட்டின் ஓரமாக நடந்து, ஓரிடத்தில் நின்றார். "இங்கதான் நின்னது."

அங்கே ஒன்றும் இல்லை. ஆழமில்லாத தண்ணீர் மட்டும் பளபளத்தது. நாங்கள் காத்திருந்தோம். பெரியப்பா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்துத் தூரத்தில் வெளுப்பாக ஏதோ அசைந்தது. அவர் கை தூக்கினார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது ஒரு கொக்கு. பறந்து போய்விட்டது.

வெயில் ஏறியதும் அப்பா கிளம்பலாம் என்றார். அப்போதுதான் தெரிந்தது, தண்ணீர் வடிந்து வள்ளம் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தது. "வெள்ளம் கேறட்டே சாரே," என்று சொல்லிவிட்டு வள்ளக்காரர் தோர்த்துத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். தண்ணீர் ஏறும்வரை எங்களுக்கும் வேறு வேலை இல்லை. குடையை விரித்து அதன் நிழலில் நெருக்கி உட்கார்ந்தோம். பெரியப்பா மட்டும் தள்ளி நின்று, அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "வித்துரா போனதையாவது பஸ் மாறிடுத்துன்னு விடலாம். இப்ப இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியறது. ஒரு டாக்டர்ட்ட காமிக்கணும். அதுவரைக்கும் தனியா எங்கயும் விட வேண்டாம். அந்த பைனாகுலரையும் வாங்கி உள்ள வச்சுடணும்."

கண் டாக்டரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் பைனாகுலரை ஏன் வாங்கி வைக்க வேண்டும் என்பது விளங்கவில்லை.

பெரியம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வாடீ, அந்தப் பக்கம் நடந்துட்டு வரலாம்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

திட்டின் மறு கோடிவரை போனோம். நான் சிப்பி பொறுக்க உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா கடலைப் பார்த்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள். எதற்கோ மிரண்டு ஆலாக்கள் மொத்தமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். சிப்பிகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்னா," என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டாள். "உங்க பூநாரை அங்கன்னா நின்னுண்டிருந்தது! என்னைப் பாத்ததும் பறந்துடுத்து."

அப்பா எழுந்தேவிட்டார். "மன்னி, நீங்க பாத்தேளா?"

"பாத்தேன்னுதானே சொல்றேன். நல்ல ஒயரம். ரோஸ் கலர். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சுண்டயா?"

"இல்ல மன்னி, அண்ணாவைப் பத்தி நான் என்ன நெனச்சேன்னா..."

"நீ நெனச்சதெல்லாம் எனக்கும் மனசிலாச்சு. டாக்டர்ட்ட போணும்னா நான் கூட்டிண்டு போறேன். இனிமே இவர் எங்க போனாலும் நானும் கூடப் போவேன். எனக்கும் பறவை பாக்கணும்."

பெரியப்பா பைனாகுலரை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே! ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? கேவிக்கொண்டே, "கால் என்ன கலர் பெரியம்மா?" என்று கேட்டேன். பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, கேட்டாவது தெரிந்துகொள்ளலாமே.

பெரியம்மா ஒரு கணம் யோசித்தாள். "கறுப்பு," என்றாள்.

"பூநாரைக்குக் காலும் ரோஸ்தான். எங்க புஸ்தகத்துல போட்டிருக்கு."

அப்பா மெதுவாகப் பெரியப்பா பக்கம் திரும்பினார். இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும். சேத்துல நின்னா கால் கறுப்பாத்தான் தெரியும். நான் பாத்தப்பவும் கறுப்புதான்."

சொல்லிவிட்டுப் பெரியம்மாவின் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் ஏறி வள்ளம் அசைய ஆரம்பித்திருந்தது. அவள் ஏறும்போது முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. பெரியம்மாவும் வெடுக்கென்று கையை உதறவில்லை. அப்பா வள்ளத்தின் மறு நுனியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் காலைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெள்ளை மணல். திட்டு முழுக்க நடந்திருக்கிறேன், சேறு என்று ஒரு பொட்டுகூட இல்லை. அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அம்மா அவசரமாக ஓர் ஆரஞ்சுச் சுளையை என் வாயில் திணித்தாள். அதை மென்று முடிப்பதற்குள் இன்னொன்று. நான் கேட்கவே இல்லை, பசிக்கவும் இல்லை. கொட்டையைத் தண்ணீரில் துப்பிக்கொண்டே, இவள் எதற்காக இப்படி ஊட்டுகிறாள் என்று கரை வரும்வரை யோசித்தேன்.